தண்டப் பட்டியலில் ஒரு முன்னோர்

இங்கிலாந்தில் 400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மூதாதையர் ஒருவரைத் தேடுவோர் முதலில் நாடுவது பங்குப் பதிவேட்டைத்தான். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் எழுதிவைக்க வேண்டுமென 1538-இல் அங்கு ஆணை பிறந்தது. பிறப்பித்தவர், புனித தாமஸ் மூரைச் சிறையில் விசாரித்த அதே தாமஸ் குரோம்வெல்! திரெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியதோ 1563-இல்தான். இவ்வொன்றில் அவர்கள் நம்மை முந்திக்கொண்டனர்.

பதிவேட்டுக்கு முந்தியவர்களை எங்கே தேடுவது? மூரின் தந்தை ஜான், தம்மிடமிருந்த இலத்தீன் கையெழுத்து நூலொன்றின் வெற்றுத் தாள்களில் பிள்ளைகளின் பிறப்பைக் குறித்திருந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்த அந்நூலில் அக்குறிப்பு 1868-இல் கண்டறியப்பட்டது. பெப்ருவரி 7, வெள்ளி, அதிகாலை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே, நான்காம் எட்வர்டின் 17-ஆம் ஆட்சியாண்டு என்கிறது அது. ஆட்சியாண்டின்படி பார்த்தால் 1478. அவ்வாண்டிலோ பெப்ருவரி 7 சனிக்கிழமை! 1477-இல்தான் அது வெள்ளி. அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. மனைவி பேறுகால வேதனையில் கிடந்த இரவில், நள்ளிரவு கடந்ததைத் தந்தை மறந்து வெள்ளி என்றே எழுதியிருப்பார். ஆகவே 1478 என்பதே எனக்குப் பொருத்தமாய்த் தோன்றுகிறது.

பதிவேடு வந்தபின்னும் கத்தோலிக்கக் குடும்பங்களைத் தேடுவது எளிதன்று. மறைந்து வாழ்ந்த குரு, மூடிய அறையில் அளித்த திருமுழுக்கைப் பங்கு ஏட்டில் யார் எழுதுவார்? ஆயினும் அரசு ஆலயத்துக்கு வர மறுத்தோருக்கு மாதம் 20 பவுன் தண்டம் என 1581-இல் சட்டம் வந்தது. 1592 முதல் கருவூலம் அவர்களுக்கெனத் தனிப் பட்டியலே வைத்தது. திருச்சபை எழுதிவைக்க இயலாத பெயர்களைத் துன்புறுத்தியவர்களே நமக்காகக் காத்துவைத்தார்கள்.

மூரின் தங்கை எலிசபெத்தின் வழியைப் பின்தொடர்ந்தால் அவருடைய கொள்ளுப்பேரர், கவிஞர் ஜான் டன்னிடம் வந்து சேர்வோம். டன்னின் தம்பி ஹென்றி, ஒரு குருவைத் தம் அறையில் மறைத்துவைத்ததற்காகப் பிடிபட்டு 1593-இல் சிறையிலேயே இறந்தார். டன்னோ ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து, 1621-இல் இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவானார். இறுதிவரை கத்தோலிக்கராகவே இருந்த அவர்களுடைய தாய், முதுமையில் அந்த மகனின் இல்லத்திலேயே தங்கினார். 1631-இன் தொடக்கத்தில் தாய் இறந்தார். மார்ச் 31 அன்று மகனும் இறந்தார்.