கடாரத்தை நாம் அறிந்த விதம்

ஒரு பொருளை அறிவதற்குரிய வாயில்கள் காட்சி, கருதல், உரை எனப் பிரித்து, அவற்றின் தகுதியையும் குற்றத்தையும் ஆராயும் பயிற்சி தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் சமயவாதிகள் ஒவ்வொருவரும் தத்தம் அளவைகளை எடுத்தோதுமிடத்தும், பிற்காலச் சைவ சித்தாந்த சாஸ்திரங்களில் அளவை இலக்கணம் விரித்துரைக்கப்படுமிடத்தும், பிரத்தியட்சம், அனுமானம், ஆகமம் என்னும் பிரமாணங்கள் நுணுக்கமாகப் பேசப்படுகின்றன. ஆனால் அறிபவனுடைய பெருமிதமும் ஏக்கமும் அவமானமும் அவ்விடங்களில் எட்டிப் பார்ப்பினும், பெரும்பாலும் அறிவைக் கலக்கும் மாசாகவே எண்ணப்படுகின்றன. சரித்திர அறிவைப் பொறுத்தமட்டில் இக்கொள்கை முழு உண்மையாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். எதைத் தேட வேண்டும் என்பதை நமக்கு முதலில் சொல்வது உணர்ச்சியே. தேடியது கிடைத்துவிட்டது என்று தீர்ப்புக் கூறும் உரிமையையும் அதனிடமே ஒப்படைக்கும்பொழுதுதான் கேடு விளைகிறது. அக்கேட்டைத் தர்க்கமும் மொழியும் தாமே தனித்து நின்று விலக்கிவிடும் என்று நம்புவதும் பேதைமையே.

இவ்வாதத்திற்கு உதாரணத்தைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. வானம் தெளிந்த நாளில் பினாங்குத் துறைமுகத்தினின்று வடக்கே நோக்குவார்க்கு மலேசியாவின் கெடா மாநிலத்துக் குனோங் ஜெராய் மலை கடலுக்கு மேல் நீலமாக எழுந்து தோன்றும். 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவைக் கைக்கொள்ளும் வரையில் இதுவும் கெடா சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டதே. அந்தக் கெடாவே சோழ சாஸனங்கள் கூறும் கடாரம் என்பது இன்று இந்நாட்டுத் தமிழ்ப் பள்ளிச் சிறுவனும் ஐயமின்றிச் சொல்லும் செய்தி. ஆயினும் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெரும் பண்டிதர்களுக்கே அது தெரியாது என்பதையும், அவர்கள் அதனைத் தெரிந்துகொண்ட வழி எத்துணைக் கோணலானது என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலாம் ராஜேந்திரனின் பத்தொன்பதாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த தஞ்சைப் பெரிய கோயிற் சாஸனம், அவன் கடல் நடுவே பல கலங்களைச் செலுத்திக் கடாரத்து அரசனை வென்று, ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாப்பப்பாளம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், நக்கவாரம் முதலிய இடங்களைக் கைப்பற்றியதாகக் கூறுகிறது. இதனை 1891இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்த ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ், கடாரத்தை மதுரை ஜில்லாவில், ராமநாதபுரம் ஜமீனுக்குள், அப்பெயர் கொண்ட ஓர் ஊரோடு பொருத்தினார். கலங்கள் சென்றதாகச் சாஸனமே பேசும்பொழுது, கடலுக்கு இப்பால் ஓர் ஊரைக் காட்ட ஒரு மேதையால் எவ்வாறு இயன்றது என்று நாம் வியக்கலாம். ஆயினும் அவர் கையிலிருந்த தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களுள் ஒன்று அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தமையால், அறிந்த பெயர் அறியாத பொருளை விழுங்கிவிட்டது. பின்னர் நக்கவாரம் நிக்கோபார்த் தீவுகளே என்பதும், பப்பாளம் என்பது இலங்கையின் மகாவம்சத்தில் பர்மியக் கரைத் துறையாகக் குறிக்கப்படுவதும் புலனாகவே, ஆராய்ச்சி முழுவதும் ஒரே பாய்ச்சலில் பர்மாவுக்குச் சென்றது. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழரைப் பற்றி நூலெழுதிப் புகழ்பெற்ற வி. கனகசபைப் பிள்ளையும் வங்கத்தையும் பர்மாவையும் தமிழர் வென்ற வரலாறாகவே இச்செய்தியை எழுதினார்.

இவ்வளவில் நின்றிருப்பின், பெயர்களை ஒப்பிட்டதில் நேர்ந்த வழுவென்று அதனைக் கடந்து செல்லலாம். ஆனால் பெகு நகருக்கு அருகே எண்பட்டைக் கருங்கல் தூண்கள் இரண்டு கண்டெடுக்கப்பட்டபொழுது, பர்மாவின் தொல்பொருள் இலாகா அவற்றை ராஜேந்திரன் நாட்டிய ஜயஸ்தம்பங்கள் என்று 1906-07ஆம் ஆண்டளவில் அறிவித்தது. சோழன் பர்மாவை வென்றான் என்னும் முடிவு முன்னரே உறுதியாகிவிட்டமையால், தூண்கள் அம்முடிவுக்குச் சாட்சியாயின. அம்முடிவோ இனித் தூண்களின் சாட்சியத்தால் மேலும் உறுதிபெற்றது. நம் தர்க்க நூலார் அன்னியோன்னியாசிரயம் என்று பெயரிட்டு விலக்கிய குற்றம் இதுவே. இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு: அத்தூண்களுக்குப் பெயரிட்ட ஆங்கில அரசாங்க இலாகாவுக்குச் சோழன்பால் அபிமானம் எதுவும் இருந்திருக்க நியாயமில்லை. உணர்ச்சியின் நிழல் படாத, கோப்புகளும் முத்திரைகளும் நிறைந்த ஓர் அலுவலகத்தின் தர்க்கமே அப்பிழையைச் செய்தது. உணர்ச்சியை நீக்கிவிட்டால் அறிவு தானே தூய்மையாகும் என்பார்க்கு இதைவிடத் தக்க மறுப்பு வேண்டுமா?

அம்முடிச்சை அவிழ்த்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செடேஸ். 1918இல் ஹனோயிலிருந்த பிரெஞ்சுக் கீழ்த்திசை ஆராய்ச்சிக் கழகத்தின் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை, அதுவரை ஓர் அரசனின் பெயரென்று டச்சு அறிஞர் கெர்ன் முதலியோர் கொண்டிருந்த ஸ்ரீவிஜயம் ஒரு ராஜ்யத்தின் பெயர் என்றும், அதன் நடு பலெம்பாங் பகுதியில் இருந்தது என்றும், கடாரம் மலாய்த் தீபகற்பத்தின் கெடாவே என்றும் நாட்டியது. இதற்குப் புதிய கல்வெட்டொன்றும் அவருக்கு வானத்திலிருந்து விழவில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைத் தானமளித்ததைக் கூறும் லெய்டன் செப்பேடுகளின் வடமொழிப் பகுதி, அவ்விகாரத்தைச் சார்ந்த மாறவிஜயோத்துங்கவர்மனை ஸ்ரீவிஷயத்துக்கும் கடாகத்துக்கும் தலைவனாகக் காட்டுகிறது. தமிழ்ப் பகுதியோ கடாரத்தரசன் என்ற அளவில் நிற்கிறது. இவ்விரண்டையும் சீன நூல்கள் சான்-போ-சி என்று குறிக்கும் நாட்டைப் பற்றிய செய்திகளோடு அருகருகே வைத்துப் படித்தபொழுது, ஒவ்வொரு மொழியும் மற்றொன்று மறைத்ததை வெளிப்படுத்தியது. அச்செப்பேடுகளின் தமிழை மட்டும் கற்றவன் கடாரத்தைக் கண்டான், ஸ்ரீவிஜயத்தைக் காணவில்லை. சீனத்தை மட்டும் கற்றவனுக்கோ கடாரம் என்னும் பெயர் கண்ணிலேயே படவில்லை.

மொழி அறிவின் கருவி என்பர். கருவி என்றால் கையாள்வோன் விருப்பத்துக்கு வளைவது. தஞ்சைச் சாஸனத்து மெய்க்கீர்த்தியின் மொழியோ அவ்வாறு வளைவதன்று. அஃது அரசவைப் புலவன் அரசனைப் போற்றுவதற்கென்றே சமைத்த பாஷை. அதில் வரும் ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் ஓர் அடைமொழி உண்டு. ஓர் ஊர் ஆழ்கடலை அகழியாக உடையது, ஓர் ஊர் கலையுணர்ந்தோரால் புகழப்பட்டது, ஓர் ஊர் தேன்மலர்ப் பொழில்கள் சூழ்ந்தது. இவற்றைப் பூகோள வருணனைகளாகக் கொண்டு கடற்கரைகளை அளந்தவர்கள் உளர். அடைமொழிகள் யாப்பின் இசைக்கும் புகழ்ச்சியின் தேவைக்கும் கட்டுப்பட்டவை என்பதே என் துணிபு; அவற்றைக் கொண்டு ஓர் ஊரின் இருப்பிடத்தை நிச்சயிப்பது, மாப்பிள்ளை ஊர்வலத்துப் பாட்டைக் கேட்டு அவனுடைய சொத்தைக் கணக்கிடுவது போன்றது. ஆகவே உணர்ச்சி என்பது நம் காலத்தில் நாம் புதிதாகக் கொண்டுவந்து சாஸனத்தின்மேல் பூசியதன்று. சாஸனத்தின் உள்ளேயே, உளியால் செதுக்கிய நாளிலேயே, அது குடிகொண்டிருந்தது.

சீனத்தின் சாட்சியம் இன்னும் கூர்மையானது. சோழர் தூதுக்குழு 1015இல் சுங் பேரரசின் அவைக்குச் சென்று சேர்ந்ததைச் சீன நூல்கள் பதிவு செய்துள்ளன. 1106இல் பர்மாவின் பகான் நாட்டுத் தூதர் வந்தபொழுது, அவர்களைச் சோழருக்குச் செய்த மரியாதையோடு வரவேற்குமாறு பேரரசர் ஆணையிட, சடங்குகளை மேற்பார்க்கும் அதிகாரி எழுந்து, சோழ நாடு சான்-போ-சிக்கு, அதாவது ஸ்ரீவிஜயத்துக்கு, அடங்கியதென்றும், அதற்குரிய வரவேற்பு பகானைப் போன்ற பெருநாட்டுக்குத் தகாதென்றும் தடுத்துரைத்தார். ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தை வென்றதாகத் தஞ்சைச் சுவர் முழங்கிய எண்பது ஆண்டுகளுக்குள், சீனத்து அலுவலகக் கோப்பில் அவ்வுறவு தலைகீழாகக் கிடந்தது! இதனைச் சீனரின் அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஸ்ரீவிஜயத்து வணிகர் தம் நலம் கருதிச் சீனருக்கு அவ்வாறு சொல்லி வைத்தனர் என்று விளக்குதலும் எளிது. இரண்டும் பொருத்தமாகவே இருக்கலாம். எனினும் தஞ்சைச் சாஸனத்தை நம்புகையில் நாம் கேளாத கேள்விகளைச் சீன ஏட்டை மட்டும் கேட்கிறோமாயின், அங்கே நீதி செலுத்துவது தர்க்கம் அன்று.

இனி நம்மவர் உணர்ச்சிக்கு வருவோம். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய தொழிலாளர் கூட்டத்தைச் சுமந்து, 1926ஆம் ஆண்டு முதல் பல பத்தாண்டுகள் வங்கக் கடலைக் கடந்த ரஜூலாக் கப்பல், சூடாமணி விகாரம் நின்ற துறையையும் கடாரத்தின் கரையையும் இணைத்த பழைய வழியிலேயே சென்றது. அதே 1926இல் கல்கத்தாவில் அகண்ட இந்தியக் கழகம் தோன்றி, தென்கிழக்காசியா முழுவதையும் பாரதத்தின் குடியேற்றமாக எழுதலாயிற்று. 1930களின் பிற்பகுதியில் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்களைத் தோண்டிய குவாரிச் வேல்ஸும் இந்தியக் குடியேற்ற அலைகளாகவே தம் கண்டுபிடிப்புகளை விளக்கினார். தோட்டத்தில் கூலியென்று அழைக்கப்பட்டவனின் பேரன், தன் முன்னோர் இந்நாட்டுக்கு வென்றோராக வந்தனர் என்று கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. அந்நிமிர்வு இல்லாவிடில் இப்பள்ளத்தாக்கைப் பற்றிய வினாவை நம்முள் பலர் எழுப்பியிருக்கவே மாட்டோம். 2013இன் இறுதியில் பூஜாங் பள்ளத்தாக்குச் சிதைவுகளுள் ஒன்று நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டபொழுது எழுந்த கூக்குரலும் அவ்வுணர்ச்சியின் பயனே. அக்கூக்குரலால்தான் மற்றவற்றின் பாதுகாப்பு அரசின் கவனத்துக்கு வந்தது.

ஆனால் அதே உணர்ச்சி ஆராய்ச்சியைத் தான் விரும்பிய இடத்தில் நிறுத்தியும் விடுகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்த பண்டங்களுள் காழகத்து விளைபொருளும் ஒன்றாகக் கூறப்படுகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். மேடைப் பேச்சாளர்க்கு இவ்வளவே போதும். சங்க காலத்திலேயே கடாரத்தோடு வாணிகம் நடந்தது முடிந்த முடிபாகிறது. பாட்டுக்கும் உரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன என்பதையும், சோழரின் கடார வெற்றி உரையாசிரியர் செவியில் ஒலித்துக்கொண்டிருந்த காலமது என்பதையும் எண்ணினால், அவ்வுரை சங்க காலத்துக்குச் சாட்சியா, உரையாசிரியர் காலத்துக்குச் சாட்சியா என்ற ஐயம் எழாமல் இராது. வாணிகமே இல்லை என்பது என் கூற்றன்று. இச்சான்று அச்சுமையைத் தாங்காது என்பதே.

நம் ஆர்வம் எங்கெல்லாம் செல்வதில்லை என்பதற்கும் ஒரு சான்று அருகிலேயே உள்ளது. பினாங்குக்கு எதிர்க்கரையில், அந்நாளில் வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட செபெராங் பிறையில், காப்டன் ஜேம்ஸ் லோ 1834இல் கண்டெடுத்த கல்வெட்டு ஐந்தாம் நூற்றாண்டினது என்பர். ராஜேந்திரனுக்கு ஐந்நூறு ஆண்டுகட்கு மூத்தது. ரக்தமிருத்திகையைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மகாநாவிகன் தன் கடற்பயணம் இனிது முடிய வேண்டி அதனைப் பொறித்தான். அவன் ஊர் வங்கத்து முர்ஷிதாபாத் பகுதியில் இருந்ததாக அறிஞர் கருதுகின்றனர். அக்கல்லில் உள்ள பௌத்த வாசகமோ, அறியாமையால் வினை பெருகுவதையும் அறிவினால் அது அற்றுப்போவதையும் கூறுகிறது. மணிமேகலையைக் கற்ற நமக்கு இது நெருங்கிய உறவினன் குரலாக ஒலித்திருக்க வேண்டும். ஆயினும் அவன் தமிழனுமல்லன், வென்றவனுமல்லன் ஆதலால், நம் விழா மலர்களில் அவனுக்கு இடமில்லை. அக்கல்லும் இன்று கல்கத்தா அருங்காட்சியகத்தில்தான் உள்ளது.

பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தோண்டி எடுத்து வரும் இரும்புருக்கு உலைகளின் எச்சங்களோ, இவை அனைத்தையும் மறுபடியும் கலைத்துப் போட்டுள்ளன. அவற்றுக்குக் கூறப்படும் காலம் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. அக்காலக் கணிப்பை ஏற்காத ஆராய்ச்சியாளரும் உளர். அங்கே புகழ்ச்சி மொழியில்லை, வென்றவன் பெயரில்லை. கரியும் கசடும் களிமண் ஊதுகுழாய்களுமே உள்ளன. ஆயினும் இந்நாட்டின் ஆதி நாகரிகம் அயலார் கொடையன்று என்று காட்ட விழையும் ஒரு பெருமிதம் அவற்றைச் சூழ்ந்து நிற்பதும், அதனைக் கேட்ட மாத்திரத்தில் தமிழர் மேடைகளில் வேறொரு மனவருத்தம் எழுவதும் கண்கூடு. கரித்துண்டின் வயதைக் கதிரியக்கக் கரிமக் கணிப்பால் அளந்து சொல்லும் ஆய்வுக்கூடத்துக்கு இவ்விரு உணர்ச்சிகளும் தெரியா. எந்தக் குழியில் எந்தக் கரித்துண்டைப் பொறுக்குவது என்று தீர்மானிக்கும் மனிதருக்கு அவை நன்றாகத் தெரியும். எனவே அப்பள்ளத்தாக்கைப் பற்றி இனி எழுதப்படும் எந்த ஆராய்ச்சியும், தன் முடிவுகளை அச்சிடுமுன், குழிகளைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும், தேர்ந்தெடுக்காமல் விட்ட குழிகளையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்று கோருவேன்.