மான்ஸ்டெரா: துளையிலைக் கொடியின் வரலாறு

இலையில் ஓட்டை இருந்தால் புழு அரித்துவிட்டது என்றே நாம் நினைப்போம். ஆனால் மான்ஸ்டெரா என்னும் கொடிக்கு இலைத்துளை நோயுமல்ல, பூச்சியின் வேலையுமல்ல, பிறப்பிலேயே அமைந்தது. இன்று உலகெங்கும் வரவேற்பறைகளில் தொட்டிச்செடியாக நிற்கும் இக்கொடிக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக் குழப்பமான வரலாறு உண்டு. அதன் இலையை மட்டும் பார்த்துப் பெயரிட்டதே குழப்பத்துக்குக் காரணம்.

தாயகமும் இனமும்

மான்ஸ்டெராக்கள் வெப்பமண்டல அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தவை. நமக்குப் பழக்கமான சேம்பு, சேனைக்கிழங்கு, மணி பிளான்ட் ஆகியவற்றின் குடும்பமே இவற்றின் குடும்பமும். மரத்தடியில் முளைத்து, விழுதுபோன்ற வேர்களால் மரத்தைப் பற்றி மேலேறும். இளஞ்செடியின் இலையில் துளை இராது. கொடி ஏற ஏற இலை பெரிதாகி, துளைகளும் வெட்டுகளும் தோன்றும். ஒரே கொடியின் கீழிலையையும் மேலிலையையும் தனித்தனியே காண்பவர் இரண்டும் வேறு செடிகள் என்றே சொல்வார்.

பெயர் படைத்த குழப்பம்

பிரெஞ்சுத் துறவியும் தாவரவியலாளருமான சார்லஸ் புளூமியே, மேற்கிந்தியத் தீவுகளில் கண்ட துளையிலைக் கொடி ஒன்றைப் படத்துடன் 1693இல் வெளியிட்டார். 1753இல் லின்னேயஸ் அதற்கு டிராகான்டியம் பெர்டூசம் என்று பெயரிட்டார். பெர்டூசம் என்றால் துளையுடையது. மான்ஸ்டெரா என்ற பேரினப் பெயரை 1763இல் மிஷேல் அதான்சன் அமைத்தார். விந்தையான இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்ததாகக் கருதப்படுகிறது. புளூமியே கண்ட இனம் பின்னர் அதான்சன் பெயராலேயே மான்ஸ்டெரா அதான்சோனி எனப்பட்டது.

இன்று மிகுதியாக வளர்க்கப்படும் பேரிலை இனம் இதனினும் பிந்தியே ஐரோப்பாவை அடைந்தது. டேனிஷ் தாவரவியலாளர் பிரெடரிக் லீப்மன் 1840களின் தொடக்கத்தில் மெக்சிகோவில் பயணம் செய்து அதைச் சேகரித்தார். அவர் இலையை விட்டுக் கனியைப் பார்த்தார். 'சுவைமிக்கது' என்னும் பொருளில் டெலிசியோசா என்று பெயரிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பெர்லின் தாவரவியலாளர்களான குந்தும் பூஷேயும் அதே செடியை பிலோடென்ட்ரான் பெர்டூசம் என்று வேறொரு பேரினத்தில் சேர்த்தனர். மீண்டும் துளையே பெயராயிற்று. அறிவியல் அப்பெயரைக் கைவிட்டது. ஆயினும் நர்சரிகளில் இன்றும் இச்செடி 'ஸ்பிளிட் லீஃப் பிலோடென்ட்ரான்' என்று விற்கப்படுகிறது.

கனி முற்றிப் பழுக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். பழுக்காத காயில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இருப்பதால் வாயும் தொண்டையும் எரியும். மேல்செதில்கள் தாமாக உதிரும்போதே உண்ண வேண்டும். மடெய்ரா தீவின் சந்தைகளில் இப்பழம் விற்பனைக்கு வருகிறது.

துளை தோன்றுவது எப்படி?

இலை விரிந்தபின் கிழிவதால் துளை உண்டாவதில்லை. இலை மிகச் சிறிதாகச் சுருண்டிருக்கும் பருவத்திலேயே குறிப்பிட்ட இடங்களில் உள்ள செல்கள் திட்டமிட்டபடி இறந்துவிடுகின்றன. ஊசிமுனையளவான அவ்விடம் இலை வளர வளர அகன்று பெருந்துளையாகிறது. மான்ஸ்டெரா ஆப்ளிகுவா இனத்தில் இதை அருணிகா குணவர்த்தனவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் விளக்கினர். டெலிசியோசாவில் ஓரத்தை ஒட்டிய துளைகளின் விளிம்பு அறுந்து வெட்டாக மாறுகிறது.

துளையால் கொடிக்கு என்ன பயன்? காற்றைத் தாங்க, மழைநீரைக் கீழே விட எனப் பல கருத்துகள் உண்டு. 2013இல் கிறிஸ்டபர் மியூர் முன்வைத்த விளக்கம் கவனிக்கத்தக்கது. அடர்காட்டின் அடியில் வெயில் சிறுசிறு புள்ளிகளாகவே விழும். அதே அளவு இலைப்பரப்பு துளைகளோடு அகல விரிந்தால், ஏதாவதொரு வெயிற்புள்ளி அதன்மேல் விழும் வாய்ப்பு கூடும். மொத்த ஒளி கூடாவிட்டாலும் வரவு சீராகும். இது இன்னும் கருதுகோளே.

வீட்டுக்குள் வந்தபின்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் வளர்ந்த இக்கொடி, இருபதாம் நூற்றாண்டில் அறைகளுக்குள் புகுந்தது. ஓவியர் மத்தீஸின் ஓவியக்கூடத்துப் புகைப்படங்களில் இதன் இலைகளைக் காணலாம்.

பெயர்க் குழப்பம் இப்போது பணத்தையும் தொடுகிறது. எளிதில் கிடைக்கும் அதான்சோனியை, அரிதான ஆப்ளிகுவா என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கின்றனர். 'மினி மான்ஸ்டெரா' எனப்படுவது மான்ஸ்டெராவே அல்ல. தாய்லாந்து, மலேசியக் காடுகளைச் சேர்ந்த ராபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா என்னும் வேறொரு கொடி. நம் வீட்டு மணி பிளான்ட்டும் பெருமரத்தில் ஏறவிட்டால் வெட்டுடைய பேரிலைகளை விடும். ஆகவே இலையில் துளையோ வெட்டோ இருப்பதை மட்டும் வைத்து இனத்தை உறுதி செய்ய முடியாது.

வாங்கிய செடியில் துளை இல்லையே என்று கவலைப்படுபவர்கள் செடியின் வயதையும் ஒளியையும் முதலில் பார்க்க வேண்டும். நேர்வெயில் படாத நல்ல வெளிச்சமும், பற்றி ஏற ஒரு கம்பமும் கொடுத்தால் புதிய இலைகள் துளையோடு வரும். முன்பே விரிந்த இலையில் புதிதாகத் துளை விழாது. இலையிலும் அதே எரிச்சலூட்டும் படிகங்கள் உள்ளதால், குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் கடிக்காத இடத்தில் தொட்டியை வைப்பது நல்லது.