ஆப்பிரிக்காவில் தோல் மருத்துவச் சேவையைப் பரவலாக்குதல்

சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் தோல் மருத்துவம் பெரும்பாலும் தலைநகரங்களோடும் பெரிய மருத்துவமனைகளோடும் நின்றுவிடுகிறது. பல நாடுகளில் பத்து லட்சம் பேருக்கு ஒரு தோல் மருத்துவர்கூட இல்லை. நோயோ கிராமங்களில்தான் மிகுதி. சிரங்கு, படர்தாமரை, சீழ்ப்புண் ஆகியவை நெரிசலும் தண்ணீர்ப் பஞ்சமும் உள்ள வீடுகளில் ஆண்டு முழுவதும் சுற்றிவருகின்றன. உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் எனப் பட்டியலிட்டுள்ள இருபதுக்கும் மேற்பட்டவற்றில் குறைந்தது பத்து, தோலில் அடையாளம் காட்டுபவை. தொழுநோய், புருலிப் புண், யாஸ், யானைக்கால் நோய் ஆகியவை அவற்றுள் சில. மருத்துவக் கல்லூரிகள் போதிய வல்லுநர்களை உருவாக்கி அனுப்பும்வரை இந்த நோயாளிகள் காத்திருக்க முடியாது. ஊரில் ஏற்கெனவே பணிபுரியும் செவிலியருக்கும் மருத்துவ அலுவலருக்கும் தோல் நோய்ப் பயிற்சி கொடுத்து, மருந்தையும் அவர்கள் கையில் சேர்ப்பதே விரைவான வழி. நியாயமான வழியும் அதுவே.

இதற்கு முதன்மையான சான்று தான்சானியாவில், கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து மோஷி நகரில் உள்ளது. சர்வதேசத் தோல் மருத்துவ அறக்கட்டளையின் முயற்சியால் 1992-இல் அங்கே வட்டாரத் தோல் மருத்துவப் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. எம்.பி.பி.எஸ். போன்ற முழு மருத்துவப் பட்டம் பெறாமல், பட்டயப் படிப்போடு கிராம நிலையங்களை நடத்திவரும் மருத்துவ அலுவலர்களுக்கு அது இரண்டாண்டு மேற்பயிற்சி அளிக்கிறது. தோல் நோய்களோடு பால்வினை நோய்களும் தொழுநோயும் பாடத்தில் அடங்கும். தான்சானியாவுக்கு வெளியே பல ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். பயின்றபின் சொந்த நாட்டு மாவட்ட மருத்துவமனைகளுக்குத் திரும்புகிறார்கள்.

ஏழைகளுக்கு அரைகுறை மருத்துவம் போதும் என்பதாக இது ஆகிவிடாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் ஊரில் காணப்படும் தோல் நோய்களில் பெரும்பகுதி ஒரு சில வகைகளுக்குள் அடங்கிவிடுகிறது. அவற்றைக் கண்ணால் பார்த்தே இனம் காணலாம். மருந்தும் விலை குறைவு. மாலி நாட்டில் சுகாதார நிலையப் பணியாளர்களுக்கு இத்தகைய பொதுவான நோய்களில் மட்டும் மிகக் குறுகிய பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, சரியான சிகிச்சை பெற்றவர்களின் விகிதம் பெருமளவு உயர்ந்தது. நோயாளி மருந்துக்குச் செலவழித்த தொகையும் குறைந்தது. தேவையற்ற மருந்துகளை எழுதுவது குறைந்ததே அதற்குக் காரணம். கருமையான தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் அடர்பழுப்பாகவோ சாம்பல் ஊதாவாகவோ தெரிவதுண்டு. வெளிர்தோல் படங்களை வைத்தே எழுதப்பட்ட பாடநூல்களில் படித்தவர் தவறவிடக்கூடிய இதை, அன்றாடம் அத்தோலையே பார்த்துப் பழகிய உள்ளூர்ப் பணியாளர் பிடித்துவிடுவார். ஐயத்துக்குரிய கட்டியும் ஆறாத புண்ணும் வல்லுநரிடம்தான் போக வேண்டும். எதை அனுப்புவது என்று தெரிந்திருப்பதும் இப்பயிற்சியின் பகுதியே.

மலேரியாவும் காசநோயும் உயிரைப் பறிக்கும் இடத்தில் அரிப்புக்கு ஏன் பணம் என்பது இன்னொரு மறுப்பு. சிரங்கைச் சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி புகுந்தால் சிறுநீரக அழற்சி வரக்கூடும். இரவெல்லாம் சொறியும் குழந்தைக்குத் தூக்கம் கெடுகிறது, படிப்பும் கெடுகிறது. வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுத்தால் தீர்ந்துவிடும் நோய் இது. ஐவர்மெக்டின் மாத்திரையை இந்நோய்க்காக உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2019-இல் சேர்த்தது. நிறமியின்மையுடன் பிறந்தவர்களின் நிலையோ நேரடியாக உயிர் பற்றியது. நிலநடுக்கோட்டு வெயிலில் வயலில் உழைக்கும் அவர்களுக்குத் தோல் புற்றுநோய் இளவயதிலேயே வந்து உயிரைக் குடிக்கிறது. அகன்ற விளிம்புத் தொப்பியும் முழுக்கை உடையும் வெயில்தடுப்புக் களிம்பும் இருந்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய சாவு அது. இறக்குமதிக் களிம்பு அவர்களுக்கு எட்டாத விலை என்பதால், மோஷியிலேயே ‘கிலிசன்’ என்ற களிம்பைத் தயாரித்து இலவசமாக வழங்குகிறார்கள். உள்ளூர் உற்பத்தியோடு ஆண்டுதோறும் தோல் பரிசோதனையும் சேர்ந்ததால்தான் இது வெறும் தானமாக நின்றுவிடாமல் சேவையாக வளர்ந்தது என்று சொல்ல வேண்டும்.

கைப்பேசியில் படம் அனுப்பி நகரத்து வல்லுநரிடம் கருத்துக் கேட்கும் தொலைமருத்துவம் மாலி, போட்ஸ்வானா போன்ற நாடுகளில் பயன்பட்டிருக்கிறது. அதுவே போதும் என்று நம்புவோரும் உண்டு. படம் எடுக்கத் தெரிந்த, பதிலைப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஒருவர் இந்தப் பக்கம் இருந்தால்தான் அது நடக்கும். பதில் சரியாக வந்தாலும், சிரங்குக்கான பென்சைல் பென்சோயேட் திரவமோ பூஞ்சை எதிர்ப்புக் களிம்போ நிலையத்தில் இல்லையென்றால் நோயாளி சந்தைக்குத்தான் போவார். அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமலே வீரியமான ஸ்டீராய்டு களிம்புகள் கிடைக்கின்றன. படர்தாமரையில் தடவினால் அரிப்பு சில நாள் அடங்கும். படர்தாமரையோ தோற்றம் மாறி மேலும் பரவும். நிறத்தை வெளுக்க அதே களிம்புகளையும் பாதரசம் கலந்த கிரீம்களையும் பூசுவோர் நிறைய. தடைச்சட்டங்கள் இருந்தும் விற்பனை நிற்கவில்லை. தோலைப் பற்றி நம்பிக்கையோடு கேட்க ஊரில் யாரும் இல்லாத இடத்தில் கடைக்காரரே ஆலோசகர் ஆகிவிடுகிறார்.

2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதார முன்னுரிமையாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முன்பே, 2022-இல், தோல்சார்ந்த வெப்பமண்டல நோய்களைத் தனித்தனித் திட்டங்களாக நடத்தாமல் ஒருங்கே கவனிக்கும் வழிகாட்டுச் சட்டகத்தை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டிருந்தது. தொழுநோய் தேடி வீடு வீடாகச் செல்லும் பணியாளர் சிரங்கையும் புருலிப் புண்ணையும் அதே நடையில் பார்த்துவிடலாம் என்பது அதன் சாரம். பயிற்சி பெற்று ஊர் திரும்புவோருக்குச் சம்பளத்தோடு நிலையான பணியிடம் ஒதுக்குவதும், மாவட்ட மருந்துக் கொள்முதலில் தோல் மருந்துகளுக்குத் தனித் தொகை வைப்பதும் இனி அந்தந்த நாட்டு அரசுகள் செய்ய வேண்டியவை.