புதைத்தவன் செய்த பிழை எது?

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தின் தாலந்து உவமையை வாசிப்போர், மூன்றாம் ஊழியனைச் சோம்பேறி என முன்னரே முடிவுகட்டிவிடுகின்றனர். தமிழ்த் திருச்சபை வழக்கில் ‘தாலந்து’ திறமை எனப் பொருள்பட்டுவிட்டதும் இதற்கு ஒரு காரணம். மூலத்தில் அது ஒரு நிறையளவு. அந்நிறையுள்ள வெள்ளி ஏறத்தாழ 6,000 தெனாரியத்துக்கு ஈடு. அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் ஒரு தெனாரியத்தை ஒருநாட் கூலியாகக் காட்டுகிறது. ஆக, அந்த ‘ஒரே ஒரு தாலந்து’ கூலியாள் ஒருவனின் இருபதாண்டு உழைப்பு. அதைத் தொலைத்திருந்தால் அந்த அடிமை எங்ஙனம் ஈடுகட்டியிருப்பான்?

அக்காலத்தில் பணத்தைப் புதைப்பது மடமையன்று. 1952இல் கும்ரான் குகையில் கிடைத்த செப்புச் சுருள், புதைத்துவைத்த பொன்னையும் வெள்ளியையும் தாலந்துக் கணக்கில் இடம்சுட்டிப் பட்டியலிடுகிறது. பாபிலோனியத் தல்மூதில் சாமுவேல் என்னும் மூன்றாம் நூற்றாண்டு அறிஞர், பணத்துக்கு நிலமே காவல் என்கிறார். உடன்பிறந்த இஸ்ரவேலரிடம் வட்டி வாங்குவதை உபாகமம் 23 விலக்குகிறது. இவ்வளவுகோல்களின்படி மூன்றாமவன் அடைக்கலப்பொருளைக் குறையாமல் திருப்பித்தந்தவன். அவனுக்குத்தான் புறம்பான இருள்.

இத்தண்டனை பழங்காலத்திலேயே உறுத்தியிருக்கிறது. செசரியாவின் யூசேபியு, எபிரேய எழுத்தில் தமக்குக் கிட்டிய நற்செய்தி ஒன்றைக் குறிப்பிடுகிறார். அதில் ஒருவன் பெருக்குகிறான், ஒருவன் புதைக்கிறான், மற்றொருவன் பொருள்மகளிரோடும் குழலூதும் பெண்களோடும் அழிக்கிறான். சிறை அழித்தவனுக்கே; புதைத்தவனுக்கு வெறும் கண்டனம். எவ்வளவு நிம்மதியான திருத்தம்!

1993இல் ரிச்சர்ட் ரோர்பாவும் 1994இல் வில்லியம் ஹெர்சாக்கும் கதையைத் தலைகீழாக்கினர். விதையாத இடத்தில் அறுப்பவன் என்ற குற்றச்சாட்டை எசமான் மறுக்கவில்லை; ஆகவே சுரண்டலுக்குத் துணைபோக மறுத்த மூன்றாமவனே நேர்மையாளன் என்பது அவர்தம் வாதத்தின் சாரம். கலிலேயக் குடியானவர் செவியில் அவ்வாறு ஒலித்திருக்கக்கூடும். மத்தேயு அவ்வாறு கேட்கவில்லை என்பதும் தெளிவு. மணவாளன் வரத் தாமதித்த பத்துக் கன்னியர் கதைக்கும் இறுதித் தீர்ப்புக் காட்சிக்கும் நடுவே அவர் இதனை வைத்திருக்கிறார். அங்கே எசமான் நெடுங்காலம் கழித்தே திரும்புகிறான். அந்த இடைக்காலத்தை ஊழியர் எவ்வாறு கழித்தனர் என்பதே வழக்கு. ஐந்து ஈட்டியவனுக்கும் இரண்டு ஈட்டியவனுக்கும் பாராட்டு ஒன்றே; ஈட்டிய தொகை அதனைத் தீர்மானிக்கவில்லை. புதைத்தவனோ தன்னை அச்சமே ஆட்கொண்டதாகத் தானே வாக்குமூலம் தருகிறான்.

ஆயினும் உவமையில் ஒருவன் இல்லை: துணிந்து வணிகம் செய்து முதலையும் இழந்தவன். யூசேபியு சொல்லும் வடிவத்திலும் அவன் இல்லை. அங்கே இழந்தவன் ஊதாரி. நட்டத்தோடு வந்து நின்றவனிடம் எசமான் என்ன சொல்லியிருப்பான் என்பதைப் பற்றி மத்தேயு வாய் திறக்கவில்லை.