தோலேறிய வண்ணம்: குன்றத்தூர்ச் சாலையின் தொழில் வரலாறு

குன்றத்தூர் என்றவுடன் தமிழறிந்தார் நெஞ்சில் முதற்கண் எழுவது சேக்கிழார் பெருமானின் திருப்பெயரே. இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக விளங்கிய அப்பெருமான் பிறந்த ஊர் இது. அவர் எடுப்பித்த திருநாகேச்சரம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. ஊரின் தொழிற்சிறப்பைப் பேசுவோர் பட்டுத் தறியையும், அண்டையிலுள்ள அனகாபுத்தூரிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்ற மதராஸ் கைக்குட்டைத் துணியையும் சொல்வர். நூலுக்குச் சாயம் தோய்த்த கதை இவ்வாறு பெருமையோடு பேசப்படுகிறது. அதே சாலையில் சில கல் தொலைவு கிழக்கே சென்றால் பம்மல், நாகல்கேணி, பல்லாவரம், குரோம்பேட்டை எனத் தொடரும் ஊர்களில் தோலுக்குச் சாயம் ஏறிய கதையைப் பேசுவார் அரியர். இழிந்த தொழில் என்று ஒதுக்கிய மனப்பாங்கே இதற்குப் பெரிதும் காரணம் என்பதில் ஐயமில்லை.

சேக்கிழார் அவ்வாறு ஒதுக்கினாரல்லர். திருநாளைப்போவார் புராணத்தில் நந்தனாரின் தொண்டினைக் கூறுமிடத்து, சிவன் கோயில்களின் பேரிகை முதலான கருவிகளுக்குத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அவர் அளித்து வந்ததை அவர் விரித்துரைக்கின்றார். கோயிலுக்குள் நுழைய இயலாதவர் கொடுத்த தோல், கோயிலுக்குள் ஒலித்தது. (நந்தனாரின் ஆதனூர் கொள்ளிடக் கரையிலுள்ளது, தாம்பரத்தை அடுத்த ஆதனூரோடு அதனைக் குழப்பிக்கொள்ளுதல் கூடாது.) காலணியைத் தொடுதோல் எனச் சங்கப் பாடல்கள் குறிப்பதும், புகார் நகரின் தொழிலாளருள் தோல் தைப்போரையும் சிலப்பதிகாரம் வைத்தெண்ணுவதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன. தோல்வினை தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று.

முரசுக்குப் போர்த்தும் தோல் வேறு, பதனிட்ட தோல் வேறு. முன்னது மயிர் நீக்கி உலர்த்திய பச்சைத்தோல். பின்னது மரப்பட்டையின் துவர்ப்புச் சத்தை உள்வாங்கி அழுகாத் தன்மை பெற்றது. தமிழ்நாட்டில் இத்துவர்ப்பைத் தந்தது ஆவாரை. வேலியோரத்தில் மஞ்சட் பூவோடு நிற்கும் அச்செடியின் பட்டையும், கொன்றைப் பட்டையும் இட்ட தொட்டிகளில் தோல்கள் பல நாள் ஊறும். பின்னர்க் கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்துவர். கடுக்காயின் பணி இன்றியமையாதது. பட்டைத் துவர் ஏறிய தோல் வெயிற்பட்டால் சிவந்து கறுக்கும் இயல்பினது. கடுக்காய் அதனைத் தடுத்து வெளிர்மஞ்சள் ஒளியைத் தரும். ஆகவே சாயம் தோய்க்கும் முன்னரே இத்தோலுக்கு ஒரு நிறம் அமைந்துவிடுகிறது. அதன்மேல் ஏறும் எந்த வண்ணமும் அந்த மஞ்சளோடு கலந்தே தோன்றும்.

கறுப்பு ஏற்றும் முறை இன்னும் சுவையானது. துவர்ப்புச் சத்தும் இரும்புச் சத்தும் கூடினால் கருமை பிறக்கும். துவர் ஏற்கெனவே தோலில் உள்ளமையால் அன்னபேதி கரைத்த நீரை மேலே பூசினாலே போதும். கறுப்புச் சாயம் என ஒன்று தனியே வேண்டுவதில்லை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் எழுதுமை காய்ச்சியதும் இதே வினையினால்தான். கணக்கரின் மைக்கூட்டிலும் செருப்புத் தைப்பவரின் கலயத்திலும் இருந்தது ஒரே பொருள். ஒன்று கல்வியென்றும் மற்றது தீட்டென்றும் கொள்ளப்பட்டது சமூகத்தின் செயல்; அப்பொருளின் குற்றமன்று. அன்னபேதி மிகுந்தால் நாளடைவில் தோல் வெடித்து நொறுங்கும் என்பதையும் கைவினைஞர் அறிந்திருந்தனர். எண்ணெய் ஊட்டி அதனைக் காத்தனர்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் சென்னைத் துறைமுகத்தின் வழியே பதனிட்ட தோல் பெருமளவில் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று. உலகச் சந்தையில் அதற்குக் கிழக்கிந்தியத் தோல் என்று பெயர். முதல் உலகப் போரில் (1914–18) பிரித்தானியப் படைவீரரின் காலணிகளுக்கு மேல்தோலாக அமைந்ததும் இதுவே. இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சென்ற தோல் அனைத்தும் சாயமேறாத அரைகுறைத் தோலே. சுண்ணாம்புக் குழியின் நாற்றமும், சதை சீவும் உழைப்பும் இங்கே நின்றன. சாயமும் மெருகும், அவை கூட்டிய விலையும் கடல் கடந்தன. நூறாண்டுக்கு மேலாக இந்நிலை நீடித்ததைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

இதற்கிடையே சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆல்பிரட் சாட்டர்டன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் உப்பினால் பதனிடும் புதுமுறையைச் சோதனை செய்தார். அவருடைய நோக்கத்தில் நம் உழவர் இருந்தனர் என்பது வியப்பளிக்கும் செய்தி. கவலையேற்றத்தின் தோற்பை பட்டைத் துவரினால் பதனிடப்பட்டது. நீரிலேயே கிடந்து விரைவில் நைந்தது. குரோம் தோல் நீரைத் தாங்கும். அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர் எதிர்த்தனர். 1910இல் இந்தியச் செயலராயிருந்த மோர்லி பிரபு அவர்கள் பக்கமே நின்றார். அரசு விலகினும் முறை நிலைத்தது. ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரப் பகுதியில் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி, ஓர் ஊருக்கே பெயரளித்தது. ஒரு வேதிப்பொருளின் பெயரால் வழங்கும் பேட்டை தமிழகத்தில் வேறு உண்டோ என்பது ஐயமே.

குரோம் தோல் நனைந்த நிலையில் வெளிர்நீலமாயிருக்கும். சாயத்தை அது ஏற்கும் பாங்கும் வேறு. பட்டைத்தோலை விரைந்து பற்றுவது காரச்சாயம். குரோம் தோலை விரைந்து பற்றுவது அமிலச்சாயம். சுழலும் மரப் பீப்பாயில் வெந்நீரோடு சாயத்தை இட்டுப் புரட்டி, இறுதியில் ஃபார்மிக் அமிலம் சேர்த்து நிறத்தை நிலைநிறுத்துவர். பின்னர் எண்ணெய்ப்பசை ஊட்டி, உலர்த்தி, பாற்புரதமாகிய கேசினோடு நிறமி கலந்து மேற்பூச்சிட்டு, கண்ணாடி உருளையால் தேய்த்து மெருகேற்றுவர். விரைவும் மென்மையும் இதன் சிறப்புகள். ஆயினும் ஒன்று இதனால் இயலாது. ஈரமாக்கிக் கருவியால் அழுத்திப் பூவோ கொடியோ செதுக்கினால், குரோம் தோல் அவ்வடிவத்தை வைத்துக்கொள்ளாது. உலர்ந்ததும் பழைய நிலைக்கு மீளும். பட்டைத்தோல் அழுத்திய தடத்தை அப்படியே தாங்கும். அழுத்துண்ட பகுதி சற்றே கருத்தும் நிற்கும். பூசுகின்ற சாயம் மேட்டில் ஒருவிதமாகவும் பள்ளத்தில் ஒருவிதமாகவும் ஏறும். செதுக்குத்தோல் வினைஞரின் கலை முழுவதும் இவ்வேறுபாட்டை ஆளும் திறமே.

அக்கலை செழித்தது தோல் பதனிட்ட தென்னாட்டிலன்று என்பது விந்தை. 1922இல் தாகூர் நிறுவிய ஸ்ரீநிகேதனில் ரதீந்திரநாத் தாகூரும் பிரதிமா தேவியும் இக்கைவினையை வளர்த்தனர். சாந்திநிகேதன் பைகளில் காணும் புடைப்பு வேலைக்கும் பாத்திக் வண்ணத்திற்கும் அடித்தளமானது கிழக்கிந்திய முறையில் பதனிட்ட ஆட்டுத்தோலே. ஆவாரைத் தோலில் அழகு காண வங்கத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது.

நாடு விடுதலை பெற்றபின் 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அதன் இயக்குநராயிருந்த ய. நாயுடம்மா, தோல் தொழிலைத் தீண்டாத் தொழில் என்னும் நிலையிலிருந்து மீட்ட அறிவியலாளர். 1985இல் கனிஷ்கா விமானத் தாக்குதலில் உயிரிழந்தார். அரைகுறைத் தோல் ஏற்றுமதியைக் குறைத்து, முடித்த தோலையும் தோற்பொருளையும் விற்கவேண்டும் என 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து அரசின் கொள்கை அவ்வழி திரும்பியது. நூறாண்டு கடலுக்கு அப்பாலிருந்த சாயப் பீப்பாய் பல்லாவரத்துக்கும் நாகல்கேணிக்கும் வந்து சேர்ந்தது. வருவாயும் வேலையும் பெருகின.

கழிவும் உடன் வந்தது. முன்பு மேலைநாட்டு ஆறுகளில் கலந்த சாயநீர் இப்போது இவ்வூர்களின் கால்வாயில் ஓடியது. பதனிடும்போது இடும் குரோம் உப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தோல் ஏற்கும். எஞ்சியது நீரோடு போகும். ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகும். நாகல்கேணிச் சூழலின் நிலத்தடி நீரில் குரோமியம் மிகுந்திருப்பதை ஆய்வாளர் பலர் அளந்து காட்டினர். கேணி என்றே பெயர்கொண்ட ஊரில் கிணற்று நீர் குடிக்கத் தகாததாயிற்று. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற அத்தீர்ப்பு, பல்லாவரமும் குன்றத்தூரும் அன்று அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் ரூ.10,000 செலுத்தவேண்டும் எனப் பணித்தது. நாகல்கேணியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. அத்தொகை சிறிதா பெரிதா என வாதிடுவோர் உளர். கெட்ட நீரைக் குடித்தவரின் உடலுக்கும், தொட்டியில் இறங்கி நின்றவரின் கைகளுக்கும் யார் விலை வைத்தனர் என்பதே முதலில் எழவேண்டிய வினா. திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜ் தம் 'தோல்' நாவலில் படைத்து, 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பல்லாவரத்துத் தொழிலாளருக்கும் அத்தகைய ஆக்கம் ஒன்று வேண்டும்.

சாயத்தின் மீதும் கேள்வி எழுந்தது. புற்றுநோய் விளைக்கும் அமைன்களாகச் சிதையக்கூடிய அசோ சாயங்களுக்கு 1994இல் ஜெர்மனி தடை விதித்தது. தோலுக்கு வண்ணமூட்டுவோர் தம் சாயப்பொடிகளில் பலவற்றை ஒதுக்க நேர்ந்தது. பழைய பட்டைமுறையின் மீது மதிப்பும் அதன்பின் மீளத் தொடங்கிற்று. 2008இல் கிழக்கிந்தியத் தோல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் ஆவாரையின் இடத்தைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை வெகுநாட்களுக்கு முன்பே பிடித்துவிட்டது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அதற்கென நட்ட மரங்கள் இன்று புல்வெளிகளை விழுங்கி வருகின்றன. வாட்டில் தோல் ஆவாரைத் தோலினும் செம்மை மிகுந்தது. மேலே ஏற்றும் மஞ்சளையும் பச்சையையும் மங்கச் செய்யும். ஆதலின் இன்றும் அதனைக் கடைசியாகக் கடுக்காய் நீரில் தோய்த்தெடுத்த பின்னரே சாயத்துக்கு அனுப்புகின்றனர்.