மணலுக்குப் பட்டா கேட்டவர்கள்: மகாத் முதல் பிலக்ஸி வரை

சாதியைச் சொல்லியோ நிறத்தைச் சொல்லியோ விரட்ட முடியாமல் போகும்போது ஆதிக்கம் கையில் எடுக்கும் அடுத்த ஆயுதம் ‘தனியார் சொத்து’ என்ற சொல். நமக்கு இது பழகிய கதைதான். மகாத் நகராட்சி 1924-ல் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அன்றே அடி விழுந்தது, டிசம்பரில் வழக்கு வந்தது. அது பொதுக்குளமே அல்ல, தங்கள் சொத்து என்று சாதி இந்துக்கள் வாதாடினார்கள். அந்த வழக்கு 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில்தான் முடிந்தது. குளம் திறந்தே இருக்கும் என்று தீர்ப்பானது.

இதே வாதத்தைக் கடல் கடந்து கறுப்பின மக்களும் சந்தித்தார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பிலக்ஸி நகரை ஒட்டி 26 மைல் நீளத்துக்கு வெண்மணல் கடற்கரை இருக்கிறது. அது இயற்கை தந்த மணல் அல்ல. 1947 புயலில் கடல் தடுப்புச் சுவர் சேதமானது. அதைக் காக்க 1948-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதி ஒதுக்க ஒப்புக்கொண்டது. கடற்கரை என்றென்றும் பொதுச் சொத்தாக, பொதுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாவட்ட நிர்வாகம் அதை ஏற்றது. கடலடி மணலை இறைத்துக் கொட்டி 1951-ல் கடற்கரை உருவானது.

வரிப்பணத்தில் மணல் வந்து சேர்ந்ததும், எதிரே பங்களா வைத்திருந்தவர்கள் தண்ணீர் விளிம்புவரை தங்களுடையது என்றார்கள். வெள்ளையர்கள் அங்கே குளித்தபோது யாரும் அவர்களிடம் பட்டா கேட்கவில்லை. 1959 மே 14 அன்று கில்பர்ட் மேசன் என்ற கறுப்பின மருத்துவர் நண்பர்களோடும் குழந்தைகளோடும் கடலில் இறங்கியபோதுதான் போலீஸ் வந்து வெளியேற்றியது. 1960 ஏப்ரல் 17 அன்று அவர் தனியாகப் போய் இறங்கினார், கைதானார். அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 24 அன்று சுமார் 125 பேர் அவரோடு வந்தார்கள். வெள்ளையர் கும்பல் இரும்புக் குழாய்களோடும் சங்கிலிகளோடும் பாய்ந்தது. போலீஸ் வேடிக்கை பார்த்தது.

மே 17 அன்று மத்திய அரசு, மாவட்ட நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது, மக்கள் காத்திருக்கவில்லை. 1963 ஜூன் 23 அன்று மீண்டும் கடலில் இறங்கினார்கள். பதினோரு நாள் முன்புதான் மிசிசிப்பியின் போராளி மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் நினைவாக மணலில் கறுப்புக் கொடிகளை நட்டார்கள். அன்று 71 பேர் கைதானார்கள். அத்துமீறி நுழைந்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. நிறம் என்ற சொல் அதில் இல்லை. அதுதான் அந்தக் குற்றச்சாட்டின் சூட்சுமம்.

கீழ் நீதிமன்றம் கைவிட்டது. 1968 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது: பொதுப்பணம் வாங்கியபோது கொடுத்த வாக்கு மாவட்ட நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும், கடற்கரை எல்லோருக்கும். முதன்முதலாகக் கடலில் இறங்கி ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மணலில் அவர்கள் அச்சமின்றி நடக்க முடிந்தது.

அந்த வெற்றிக்கு இரண்டு தேவைப்பட்டன. ஒன்று, அடி விழும் என்று தெரிந்தும் தண்ணீரில் இறங்கிய கால்கள். மற்றொன்று, அந்த மணலுக்குப் பணம் கொடுத்தது யார், என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள் என்பதைக் காட்டிய காகிதம். கால்கள் இல்லையென்றால் அந்தக் காகிதத்தை யாரும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். காகிதம் இல்லையென்றால் ‘அத்துமீறல்’ என்ற பழியே நிலைத்திருக்கும்.

நம் கரைக்கும் ஒரு காகிதம் உண்டு. 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அடுத்தடுத்துள்ள இரண்டு கடற்கரை ஓட்டல்களுக்கு இடையே பொதுமக்கள் கடலுக்குப் போகக் குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விடச் சொன்னது. 2011 அறிவிக்கையும் அதையே சொன்னது. மதிலும் காவலாளியும் நிற்கிற இடங்களில், மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சேரிப் பிள்ளைகளுக்கும் அந்த 20 மீட்டர் எங்கே என்று கேட்போம். காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கூட்டமாகப் போய்க் கேட்போம்.