சாவுக்கு அஞ்சும் உரிமை



நினைவுச் சொற்பொழிவு என்பதே இறந்தவர் ஒருவரின் பெயரால் உயிரோடிருப்பவர்கள் கூடுவதுதான். அதனால் சாவைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன். மனிதர்கள் சாவுக்கு அஞ்சுகிறார்களா, அஞ்ச வேண்டுமா என்ற கேள்வி பழையது. மடங்களில் கேட்டிருக்கிறார்கள், பட்டிமன்றங்களில் இன்றும் கேட்கிறார்கள். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: சாவு எல்லோருக்கும் பொது, அரசனும் ஆண்டியும் கடைசியில் பிடி சாம்பல், ஆகவே அஞ்சிப் பயனில்லை. இதில் பாதிதான் உண்மை. எல்லோரும் சாகிறோம் என்பது சரி. எந்த வயதில், யார் கையால், எந்தப் பாதை வழியாக என்பதெல்லாம் இந்த நாட்டில் ஒருநாளும் பொதுவாக இருந்ததில்லை.

பௌத்த மரபில் கீசா கோதமியின் கதை நாம் அறிந்தது. இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்த தாயிடம், சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொல்கிறார் புத்தர். அவள் வீடு வீடாகப் போகிறாள். கடுகு இல்லாத வீடு இல்லை. சாவு நிகழாத வீடும் இல்லை. இந்தக் கதையை எப்போது படித்தாலும் எனக்கு ஒன்று தோன்றும். அவளை எல்லா வாசலிலும் நிற்க விடுகிறார்கள். சாவு பொது என்ற ஞானம் அவளுக்குக் கிடைத்தது அதனால்தான். ஊர் தனி, சேரி தனி என்று பிரிந்து கிடக்கும் கிராமத்தில் கோதமி எத்தனை வாசலில் நின்றிருப்பாள்?

பிரெஞ்சு சமூகவியலாளர் ராபர்ட் ஹெர்ட்ஸ் 1907இல் சாவுச் சடங்குகள் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தலைவன் இறந்தால் சமூகமே ஆட்டம் காண்கிறது. ஓர் அந்நியனோ அடிமையோ குழந்தையோ இறந்தால் அது ஏறக்குறைய கவனிக்கப்படாமல் போகிறது என்று அதில் காட்டினார். ஒருவரின் சாவு எவ்வளவு பெரியது என்பதை அவருடைய உடல் தீர்மானிப்பதில்லை, சமூகம் அவருக்குக் கொடுத்திருந்த இடம் தீர்மானிக்கிறது என்பது இதன் பொருள். ஹெர்ட்ஸ் ஆய்ந்தது பெரும்பாலும் இந்தோனேசியத் தீவுகளின் மக்களை. அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஊர்ச் சுடுகாட்டுக்குத் தார்ச்சாலையும் கொட்டகையும் இருக்கும். நம் இடுகாட்டுக்கு வரப்பு இருக்கும், சில ஊர்களில் அதுவும் இருக்காது.

சாதிச் சமூகம் சாவைக் கண்டு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு அதன் சட்டநூலே சாட்சி. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்கள் ஊருக்கு வெளியே வாழ வேண்டும் என்கிறது. இறந்தவர்களின் ஆடையை உடுத்த வேண்டும், உறவற்றவர் பிணத்தை எடுத்துப் போக வேண்டும் என்கிறது. இதை நாம் வழக்கமாக இழிவு என்ற கோணத்தில் மட்டும் வாசிக்கிறோம். அச்சம் என்ற கோணத்திலும் வாசிக்க வேண்டும். தன் சொந்தத் தாய் தந்தையின் உடலைத் தொட அஞ்சிய ஒரு சமூகம், தனக்கும் தன் பிணத்துக்கும் நடுவில் ஒரு சாதியை நிறுத்திக்கொண்டது. அந்த அச்சத்துக்குத் தீட்டு என்று பெயர் வைத்தது. அஞ்சியவர் தூய்மையானவர் ஆனார், அஞ்சாமல் தொட்டவர் தீண்டத்தகாதவர் ஆனார்.

நம் கிராமங்களில் இந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்பது உங்கள் பாட்டன் பாட்டிகளுக்குத் தெரியும். ஊர்த் தெருவில் ஒருவர் இறந்தால் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நடந்து போய்க் கேதம் சொல்வது, பறையடிப்பது, பாடைக்கு மூங்கில் வெட்டுவது, குழி தோண்டுவது, இரவெல்லாம் இருந்து பிணத்தை எரிய விடுவது எல்லாம் சேரியின் வேலை. பெண்கள் போய் மாரடித்து அழ வேண்டும். மனமில்லாமல் வேலை செய்பவரை இன்றும் 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்கிறோம். அடிபட்ட மார்பு யாருடையது என்பதை அந்தச் சொல்வழக்கு மறந்துவிட்டது.

மகாராஷ்டிரத்தில் மகார்களுக்கு இருந்த வேலைகளிலும் சாவுச் செய்தி கொண்டுபோவது ஒன்று. செத்த மாட்டை இழுப்பது இன்னொன்று. 1927 மார்ச்சில் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த அதே மாநாட்டில்தான், செத்த மாட்டிறைச்சி உண்பதை விட்டுவிடுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் மக்களிடம் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே, 1928இல், மகார்களை ஊருக்குக் கட்டிப்போட்ட வதன் முறையைத் திருத்துவதற்கான மசோதாவைப் பம்பாய் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். தண்ணீருக்கான போராட்டமும் சாவு வேலையை மறுக்கும் போராட்டமும் ஒரே சமயத்தில் தொடங்கின. தமிழகத்திலும் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக எத்தனையோ சேரிகள் அடிபட்டன, ஊர்விலக்கு செய்யப்பட்டன. பின்னால் வந்த தலைமுறை அதே பறையை விடுதலையின் இசையாக மேடையில் ஏற்றியது. மறுப்பதா, மீட்பதா என்ற விவாதம் நம்மிடையே இன்றும் நடக்கிறது. இரண்டு தரப்புக்கும் அடிப்படை ஒன்றுதான்: இனி யாருடைய சாவுக்கும் நாங்கள் கட்டாயப் பணியாளர்கள் இல்லை.

அவர்களுடைய சாவு வேலையை நாம் மறுத்தபோது, நம்முடைய சாவையே அவர்கள் கருவியாக எடுத்தார்கள்.

1957 செப்டம்பர் 10ஆம் தேதி முதுகுளத்தூரில் நடந்த அமைதிக் கூட்டத்தில் இம்மானுவேல் சேகரன் சமமானவராக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 33 வயதுகூட நிறையவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். 1927இல் அதே டிசம்பர் 25ஆம் தேதிதான் மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. நாம் ஒரு நூலை எரித்தோம், அவர்கள் மனிதர்களை எரித்தார்கள். காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது என்ற போக்கில் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது.

1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனு தாக்கல் செய்தவர்கள் மிரட்டலால் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு நடந்த தேர்தலில் வென்ற முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்தாண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. இந்த மூன்று ஊர்களையும் மேலவளவையும் சேர்த்துப் பார்த்தால் அச்சம் என்பது தனிமனிதனின் மனநிலை இல்லை என்பது புரியும். அது ஓர் ஆட்சிமுறை. ஒரு கொலை பத்து ஊருக்கு வாக்குச்சாவடியை மூடிவிடும்.

1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலமாகப் போனவர்கள், காவல்துறையின் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கினார்கள். ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். வெண்மணியில் குடிசைக்குள் ஓடியவர்களும் நெல்லையில் ஆற்றுக்குள் ஓடியவர்களும் சாவுக்கு அஞ்சித்தான் ஓடினார்கள். இதைச் சொல்ல நமக்குக் கூச்சம் இருக்கிறது. நம் சுவரொட்டிகளில் அவர்கள் எல்லோரும் அஞ்சாமல் உயிர் கொடுத்த மாவீரர்களாகிவிடுகிறார்கள். அவர்கள் உயிரைக் கொடுக்கவில்லை, அவர்களிடமிருந்து உயிர் பறிக்கப்பட்டது. அவர்கள் வாழ விரும்பினார்கள், குழந்தைகளோடு வீடு திரும்ப விரும்பினார்கள். கொடுத்தார்கள் என்று நாம் எழுதும்போது பறித்தவன் அந்த வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறான்.

அஞ்சாமையைப் புகழ்வதில் உள்ள ஆபத்தை மலக்குழியில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ஒருவர் குழிக்குள் இறங்குகிறார். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கிறது. அளவு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும். எச்சரிக்கை நின்றுபோன இடத்தில்தான் சாவு இருக்கிறது. அவர் மயங்கி விழுந்ததும் மேலே நிற்பவர் காப்பாற்ற இறங்குகிறார், அவரும் திரும்புவதில்லை. அவர் பெரும்பாலும் தம்பியாகவோ மகனாகவோ ஒரே தெருக்காரராகவோ இருப்பார். மறுநாள் செய்தியில் 'துணிச்சலாக இறங்கினார்' என்று ஒரு வரி வரும். அது துணிச்சலா? அன்றைய கூலியை விட்டால் வீட்டில் உலை ஏறாது என்ற நிலையில், சாவுக்கு அஞ்சும் வசதி அவருக்கு இல்லை.

1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னொன்று வந்தது. 1993க்குப் பின் மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு வேண்டும், அதற்காகப் போராடியவர்களுக்கு நம் நன்றி. ஆனால் சட்டம் தடைசெய்த ஒரு சாவுக்கு விலை மட்டும் ஏறிக்கொண்டே போவதை மாணவர்கள் யோசிக்க வேண்டும். அந்தத் தொழிலாளி 'இறங்க மாட்டேன், பயமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு அன்றைய சோற்றுக்குக் கவலைப்படாமல் வீடு திரும்பும் நாள்தான் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள்.

நம் மக்களிடம் இன்னொரு அச்சமும் உண்டு. சாவதைவிட, செத்தபின் என்ன ஆகும் என்ற அச்சம். முதியவர்கள் மழைக்காலத்தில் சாகக்கூடாது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது மூடநம்பிக்கை இல்லை. இடுகாட்டுக்குப் போக வயலையும் வாய்க்காலையும் தாண்ட வேண்டும், கழுத்தளவு தண்ணீரில் பாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். 2016 ஜனவரியில் திருநாள்கொண்டச்சேரியில் நூறு வயதை எட்டிய முதியவர் ஒருவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுசெல்ல உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியும் அந்தப் பாதை திறக்கவில்லை. காவல்துறையே உடலை எடுத்துப்போய் அடக்கம் செய்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழி மறுக்கப்பட்டதால் ஓர் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். நூறாண்டு வாழ்ந்தவருக்கும் கடைசி அரை மைல் கிடைக்கவில்லை. சாவு எல்லோருக்கும் பொது என்பவர்களை அந்தப் பாலத்துக்கு ஒருமுறை கூட்டிப்போக வேண்டும்.

இந்த இடத்தில் அண்ணலிடம் திரும்பிப் போவது நல்லது. சித்தார்த்தர் ஏன் துறவு பூண்டார் என்பதற்கு வழக்கமான கதை ஒன்று உண்டு. ஒரு முதியவரை, ஒரு நோயாளியை, ஒரு பிணத்தைக் கண்டார், அதிர்ந்தார், வெளியேறினார் என்பது கதை. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் இதை ஏற்க மறுக்கிறார். அப்போது சித்தார்த்தருக்கு 29 வயது. அதுவரை முதுமையையும் நோயையும் சாவையும் அவர் காணவே இல்லையா என்று கேட்கிறார். அதற்குப் பதிலாக, ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக சாக்கியருக்கும் கோலியருக்கும் எழுந்த பூசலையும், போரை எதிர்த்த சித்தார்த்தர் வெளியேற நேர்ந்ததையும் காரணமாக வைக்கிறார். சாவு என்ற இயற்கையைக் கண்டு மிரண்ட இளைஞன் அவருக்குத் தேவைப்படவில்லை. மனிதர் மனிதரைக் கொல்வதைத் தடுக்க முயன்ற இளைஞன்தான் தேவைப்பட்டான். இயற்கையான சாவை யாராலும் தடுக்க முடியாது. ரோகிணிக் கரையில் நடக்கவிருந்த சாவைத் தடுக்க முடியும்.

அம்பேத்கர் தம் சாவையும் இதே தெளிவோடு எண்ணிப் பார்த்தார். 1935இல் இயோலாவில் அவர் எடுத்த உறுதியே சாவைப் பற்றியது: இந்துவாகப் பிறந்தது தம் கையில் இல்லை, இந்துவாகச் சாகாமல் இருப்பது தம் கையில் இருக்கிறது. 21 ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அதை நிறைவேற்றினார். அதற்குப் பிறகு அவர் இருந்தது 53 நாட்கள். டிசம்பர் 6இல் இறந்தார். மறுநாள் பம்பாயில் அவர் உடல் முன்னால் பெருந்திரளான மக்கள் பௌத்தம் தழுவினார்கள். மற்றவர்கள் பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று குளிக்கப் போகும் நேரத்தில், இந்த மக்கள் ஓர் உடலின் அருகே நின்று புது வாழ்வைத் தொடங்கினார்கள். நம் வரலாற்றில் சாவைப் பற்றிய மிகப் பெரிய பதில் அதுதான் என்பேன்.

ஆகவே, தோழர்களே, மேடையில் ஏறி இளைஞர்களைப் பார்த்து 'சாவுக்கு அஞ்சாதே' என்று முழங்கும் முன் நாம் ஒரு கணம் நிறுத்த வேண்டும். அஞ்சாமல் இருக்க நம்மைப் பழக்கியவர்கள் யார்? சுடுகாட்டில் தனியே படுக்க, மலக்குழியில் இறங்க, செத்த மாட்டை இழுக்க நம்மைப் பழக்கியது சாதி. சாவுக்கு அஞ்சுவது தன் உயிருக்கு மதிப்பு உண்டு என்று அறிந்தவரின் உணர்வு. அந்த மதிப்பை நம் பிள்ளைகள் உணர வேண்டும். சாதி மறுத்துத் திருமணம் செய்த இணையர் பயமாக இருக்கிறது என்று நம்மிடம் வந்தால், வீரவசனம் பேசாமல் பாதுகாப்பான இடமும் வழக்கறிஞரும் ஏற்பாடு செய்ய வேண்டும். நினைவு நாட்களில், கொல்லப்பட்ட விதத்தை மட்டும் சொல்லாமல் அவர் வாழ்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும்: என்ன படித்தார், யாரோடு வாதாடினார், என்ன கட்ட நினைத்தார். ஒவ்வொரு ஊரிலும் இடுகாட்டுப் பாதை யார் பட்டாவில் இருக்கிறது என்று எழுதி எடுக்க வேண்டும். அந்த வேலையை மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.

வயதாகி, வீட்டுக் கட்டிலில், பிள்ளைகள் சுற்றியிருக்கச் சாகும் சாவும், பொதுப்பாதையில் போகும் பாடையும் நம் மக்களுக்குச் சாதாரணமாகட்டும். அதன்பின் சாவு எல்லோருக்கும் பொதுவா என்று யாராவது கேட்டால், ஆம் என்று சொல்லலாம்.

ஜெய்பீம்.